வண்டி மூன்று முறை நின்றது

என் வீட்டுக்காரருக்கு நெடுஞ்செழியன் என்று பேர் வைத்தவர் என் மாமனார். ராஜா பேரை வைத்துவிட்டால் பிள்ளையும் ராஜா மாதிரி வளர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார், பாவம். வளர்ந்தது என்னவோ ஒரு தொடைநடுங்கி. இதை நான் அவர் காதுபடவே சொல்வேன். அவரும் கோபப்பட மாட்டார். "ஆமா, பயந்த ஆளுதான். அதுக்கு இப்ப என்னாங்குற?" என்பார்.

நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். கைப்பிடி இல்லாத மாடிப்படிக்குப் பயம். நான் காஸ் சிலிண்டர் மாற்றும்போது தெருவில் போய் நின்றுகொள்வார். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டு நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவார். பெட்ரோல் பங்கில் வண்டிக்கு ஊற்றி முடித்ததும் ஸ்டார்ட் பண்ண மாட்டார். இருபதடி தள்ளிக்கொண்டு போய், நாலு பக்கமும் மோந்து பார்த்து, அப்புறம்தான் உதைப்பார். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

இத்தனைக்கும் பார்க்கிற வேலை பாசனத் துறையில் லஸ்கர். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் மதகுகள் அவர் பொறுப்பு. எவ்வளவு தண்ணீர் விட வேண்டுமோ அவ்வளவுக்குப் பலகையை ஏற்றுவது, இறக்குவது, கரை எங்கேயாவது கசிகிறதா என்று நடந்து பார்ப்பது. மற்றவர்கள் மதகுத் திருகை நாலு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் கால் சுற்று சுற்றுவார், தண்ணீரைப் பார்ப்பார், ஒரு பீடி நேரம் நிற்பார், அப்புறம் இன்னொரு கால் சுற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்க்கிற கரை ஒரு மழையிலும் உடைந்ததில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிள் வாங்கிப் பதினோரு வருஷம். அதில் முப்பத்தைந்துக்கு மேல் போக மாட்டார். மகள் மதிவதனியைச் சீர்காழியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒருமுறை அவளைப் பார்க்க வண்டியிலேயே போனோம். போய்ச் சேருவதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. அதிலிருந்து நான் பஸ்ஸில்தான் போவது.

போன வருஷம் விஜயதசமி அன்று அந்த வண்டி நடுவழியில் நின்றது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. பின்னால் உட்கார்ந்திருந்தது நான். என் காலில் பாம்பு கடித்திருந்தது.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு லீவு. மாட்டுக்குப் புல் அறுக்கலாம் என்று விடிந்ததும் வயலுக்குப் போனேன். சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் வரப்பெல்லாம் வழுக்கியது. வழுக்குகிறதே என்று செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

புல்லை ஒரு கைப்பிடி பிடித்து அரிவாளை வைத்தேன். இடது கணுக்காலில் சுரீர் என்றது. முள் என்று நினைத்துக் குனிந்தால், வரப்புக்கு அந்தப் பக்கம் அது தலையைத் தூக்கிப் படம் விரித்து நிற்கிறது. இரண்டு கை நீளம் இருக்கும். என்னைப் பார்த்தது, இறங்கிப் போய்விட்டது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலில் இரண்டு புள்ளி, அதிலிருந்து கொஞ்சம் ரத்தம்.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த கலைமகள் என் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பார்த்ததும் அலறிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அவர் வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. இவர் இங்கேயே மயங்கி விழப்போகிறார், இவரை யார் தூக்குவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"என்ன பாம்பு?" என்றார்.

"நல்லதுங்க. படம் எடுத்துச்சு."

கலைமகள் தலைக்குக் கட்டியிருந்த துணியைக் கிழித்து என் காலைக் கட்ட வந்தாள். இவர் அவள் கையைப் பிடித்தார். "கட்டாத கலை. கட்டக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல கேம்ப் போட்டுச் சொல்லியிருக்காங்க. காலு அழுகிப் போயிரும்."

"அப்ப கீழத்தெருவுக்காச்சும் தூக்கிட்டுப் போவோம்ணே. அங்க ஒருத்தரு மந்திரிக்கிறாரு."

"மந்திரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆஸ்பத்திரிதான்."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பக்கத்து வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எங்கள் ஊரில் இரண்டு ஆட்டோ. இரண்டும் பண்டிகை சவாரிக்குப் போய்விட்டன. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார வைத்தார். அப்போது மணி ஏழு பத்து.

எங்கள் ஊரிலிருந்து ஒரத்தநாட்டுக்கு இரண்டு வழி. மெயின் ரோடு வழியாகப் போனால் இருபத்து மூன்று கிலோமீட்டர். அதில் ஒரு பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள், சுற்றிப் போக வேண்டும். வாய்க்கால் கரை வழியாகப் போனால் பதினேழு. கரை ரோடு துறை ஜீப் போவதற்காகப் போட்டது. லஸ்கர்களைத் தவிர அதில் ஈ காக்கா போகாது. அவர் கரை வழியாகத் திருப்பினார். அவருக்குத் தெரிந்த ரோடு, தூரமும் குறைச்சல். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

முதல் நாலு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனது. ஐம்பதில் போனார். அவர் ஐம்பதில் போய் நான் பார்த்ததே இல்லை. கால் எரிந்தது, முழங்கால் வரைக்கும் கடுகடுவென்று வலித்தது. "கால ஆட்டாத வள்ளி. பேசாம உக்காரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது வண்டி திணறியது. இழுக்காமல் இரண்டு தடவை முக்கியது, அப்புறம் பொசுக்கென்று நின்றுவிட்டது.

அவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார். கர்ர், கர்ர் என்றது, பிடிக்கவில்லை. இறங்கி நின்று உதைத்தார். பத்து உதை இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர். மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை நடவு வயல். மனுஷ நடமாட்டம் இல்லை. கலைமகளைக் கூப்பிட்டு வேறு வண்டி பார்க்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். சிக்னல் இல்லை.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்றேன்.

"நேத்திக்குத்தான ஃபுல் டேங்க் போட்டேன்." சொன்னாலும் பார்த்தார். சாவியைப் போட்டு டேங்க் மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் பெட்ரோல் நின்றது. மூடினார். மறுபடி உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

"மாரியாத்தா!" என்று சத்தமாகச் சொன்னார். நானும் சொன்னேன். ஏதோ அழுக்கு அடைத்திருக்கும், போய்விட்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

இன்னும் மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். அதே திணறல், அதே முக்கல். நின்றுவிட்டது.

இந்தத் தடவை எனக்குப் பயம் தாங்கவில்லை. கண் இமை கனத்துக்கொண்டிருந்தது. தூக்கம் வருகிற கனம் இல்லை அது. நான் திறக்கப் பார்க்கிறேன், இமை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. எச்சில் முழுங்குவதும் சிரமமாக இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு வேலை ஓடாது.

என்னை இறக்கி மைல் கல்லில் சாய்த்து உட்கார வைத்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து ப்ளக்கைக் கழற்றினார். ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது. சூடான ப்ளக்கை விரலால் பிடித்துச் சுட்டுக்கொண்டார். வேட்டியில் துடைத்தார், என்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி வந்தது. எனக்கே தெரிந்தது.

"நெருப்பு வருதே வள்ளி. நல்லாத்தான வருது. அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? அவருக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ப்ளக்கை மாட்டினார், உதைத்தார். பிடிக்கவில்லை. சோக் இழுத்து உதைத்தார். தள்ளிக்கொண்டே ஓடிப்போய்க் கியரில் விட்டுப் பார்த்தார். ஓடவில்லை. மணியைப் பார்த்தார். அதற்குள் பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது. வண்டி மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். "மெயின் ரோட்ல போயிருக்கணும். யாராச்சும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. நான்தான் உன்னக் கொண்டாந்து இங்க போட்டுட்டேன்" என்றார். எனக்கும் அழுகை வந்தது. செத்துப்போவோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதிவதனி முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. மாட்டை யார் கறப்பார்கள் என்றுதான் தோன்றியது.

தண்ணீர் கிண்ணீர் பெட்ரோலில் கலந்திருக்குமோ என்று மறுபடி மூடியைத் திறந்து, விரலைவிட்டு மோந்து பார்த்தார். பெட்ரோல் நன்றாகத்தான் இருந்தது. மூடினார். கடைசியாக ஒரு உதை உதைத்தார். வண்டி ஓடிவிட்டது.

ஓட்டமாக ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "ப்ளக்குல கரி புடிச்சிருந்துச்சு. இப்ப சரியாயிருச்சு" என்றார். நானும் நம்பினேன். நம்புவதைத் தவிர வேறென்ன வழி?

மூன்றாவது தடவை நின்றபோது ஒரத்தநாட்டுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருந்தது. எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. இரண்டு ரோடு, இரண்டு வீட்டுக்காரர். "என்னங்க" என்று கூப்பிட்டேன். வாய் குழறி வேறென்னவோ சத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இந்தத் தடவை அவர் உதைக்கவில்லை. ஸ்பேனரையும் எடுக்கவில்லை. இறங்கி, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உறைந்துபோய்விட்டார், பயம் அவரை முழுசாக முழுங்கிவிட்டது, இனிமேல் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மனசுக்குள் அவரைத் திட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து வைத்த திட்டு மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது.

அவர் வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மதகு திறக்கும்போது கால் சுற்று, கால் சுற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதே குரல்.

"நெருப்பு இருக்கு. எண்ணெ இருக்கு. மொத தடவ மூடியத் தொறந்தேன், ஓடுச்சு. ரெண்டாவது தடவ ப்ளக்க மாட்டி உதைச்சேன், ஓடல. தள்ளுனேன், ஓடல. மூடியத் தொறந்தேன், ஓடுச்சு. ரெண்டு தடவையும் மூடிதான்."

சாவியைப் போட்டார். மூடியைச் சட்டென்று திறக்காமல், காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. டேங்க் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம்.

"காத்து!" என்று கத்தினார். "வள்ளி, காத்துதான்! எண்ணெ டின்னுக்கு ரெண்டு ஓட்ட போடுவோம்ல? ஒண்ணு போட்டா எண்ணெ வராதுல்ல? உள்ள காத்து போகலேன்னா பெட்ரோல் எப்புடி எறங்கும்?"

மதகுத் திருகுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலையில் ஒன்று. டின்னில் ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவார். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்று போக. வண்டியின் டேங்க் மூடியிலும் அப்படிக் காற்றுப் போக ஊசி முனை அளவுக்கு ஒரு வழி இருக்கிறதாம். மூடியைத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கத்தைப் பார்த்தார்.

மூடி நிறையச் சந்தனம்.

முதல் நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தது அவர். பொட்டு வைத்தது நான். ஹெட்லைட்டுக்கு மூன்று, நம்பர் பலகைக்கு ஒன்று, ஹேண்டில்பாருக்கு இரண்டு என்று வைத்த பிறகும் கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சியது. டேங்க் மூடி வட்டமாக, நெற்றி மாதிரி பளபளவென்று இருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை மிச்சம் வைக்காமல் அதன் மேல் அப்பி, நடுவில் கட்டைவிரலால் குங்குமம் அழுத்தினேன். சாவித் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டேன், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. துவாரத்தைச் சுற்றி இருந்த அந்தக் காற்றுச் சந்துக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, சிமென்ட் பூசினதுபோல் அடைத்துக்கொண்டது.

அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மேலே இருந்தது வந்தது, உள்ளே போனது வரவில்லை. ஊதிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என்னை நானே கொன்றுகொண்டிருக்கிறேன். பாம்பு கடித்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அவர் மூடியைப் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மழைத்தண்ணீர் விழாதபடி டேங்க் வாய்மேல் போட்டுச் சுற்றிலும் செருகினார். துணி வழியாகக் காற்றுப் போகும். பெட்ரோலும் தளும்பி வெளியே வரும், அவருக்கு அது தெரியும். என் முந்தானையை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார். மூடியை என் கையில் திணித்தார்.

"இத வச்சு என் வயித்துல குத்திக்கிட்டே வா. நீ முழிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியணும். குத்து நின்னா வண்டிய நிறுத்திருவேன்."

ஒரே உதை. ஓடியது.

அந்த மனுஷன் அன்றைக்கு ஓட்டின ஓட்டத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பள்ளம், கல், சேறு ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்ரோல் துண்டை நனைத்துக்கொண்டு அவர் மடியில் வழிந்தது. அவர் வேட்டி தொப்பலாக நனைந்தது. கீழே என்ஜின் கொதிக்கிறது. ஒரு பொறி பட்டால் இரண்டு பேரும் அங்கேயே கரிக்கட்டை. அந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. சிலிண்டர் மாற்றினால் தெருவுக்கு ஓடுகிற ஆள் நெருப்பு மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் குத்தினேன். ஒரு குத்து, இன்னொரு குத்து. இமை இரண்டும் மூடிக்கொண்டன, திறக்க முடியவில்லை. இருட்டுக்குள் உட்கார்ந்து குத்தினேன். தலை அவர் முதுகில் சாய்ந்தது, நிமிர்த்த முடியவில்லை. பிறகு கை ஓய்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன. எனக்கு நினைவு தப்பவில்லை. வண்டிச் சத்தம் கேட்கிறது, மழை தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. கை மட்டும் அசையவில்லை. நிறுத்திவிடாதீர்கள், நான் இருக்கிறேன், நிறுத்திவிடாதீர்கள் என்று உள்ளுக்குள் கத்துகிறேன். உதடு அசையவில்லை. மூடி கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

அவர் "வள்ளி" என்றார். "வள்ளி! ஏ வள்ளி!" என்று கத்தினார். வண்டி ஒரு நொடி மெதுவானது. அந்த ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் இன்னும் வேகமாகப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் போட்ட கூச்சல் எனக்குக் கேட்டது. தூக்கினார்கள், படுக்க வைத்தார்கள். "முடிஞ்சிருச்சாம்மா? முடிஞ்சிருச்சா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு விரல் என் இமையைத் தூக்கியது. சின்ன வயசு டாக்டர் பெண். "இல்லங்க, நினைவு இருக்கு. நாம பேசுறதெல்லாம் இவங்களுக்குக் கேக்கும். கண்ணத் தொறக்கத்தான் முடியாது" என்றாள். அவர் என் காது பக்கத்தில் வந்து குனிந்தார். பெட்ரோல் நாற்றம் அடித்தது.

"வண்டி நிக்கல வள்ளி. நாலாவது தடவ நிக்கவே இல்ல" என்றார்.

மருந்து ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு, பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கே சொன்னார்களாம். இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்தேன். குழாய் இன்னும் எடுக்கவில்லை. பேச முடியாது.

கட்டில் பக்கத்தில் அவரும், மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் அண்ணன் வீரையனும் நின்றார்கள். பெட்ரோல் பட்டு அவர் தொடை இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. மருந்து தடவி, காலை அகட்டி வைத்து நின்றார். அண்ணன் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினேழு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா மாப்ள? ஒரு வண்டிய ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதா உங்களுக்கு? என் தங்கச்சி செத்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"மூடியில அழுக்கு அடைச்சிருந்துச்சு மச்சான். நான்தான் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார்.

நான் கையைத் தூக்கப் பார்த்தேன். பாதி தூரம் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்து மெத்தைமேல் வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. வண்டியைக் கவனிக்காமல் பொண்டாட்டியைச் சாகக் கொடுக்க இருந்த ஆள். டீக்கடையில் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அண்ணன் வீட்டு விசேஷத்தில் அவருக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வாயைத் திறக்கிறபோதெல்லாம் அவர் முந்திக்கொண்டு வேறு பேச்சை எடுத்துவிடுவார். நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அன்னிக்குக் குத்து நின்னா நிறுத்துறேன்னீங்களே, ஏன் நிறுத்தல?"

"நிறுத்துனா திரும்பி உன்னப் பாக்கணும்ல?" என்றார். "பாக்க பயமா இருந்துச்சு."

"சரி. சந்தனம் வச்சது நான்னு ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறீங்க? ஊரு பேசுறதக் கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீ ராத்திரில அத நெனச்சு முழிச்சுக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியும். இதுல நாலு பேரு வேற உன் மூஞ்சிக்கு நேரா சொன்னா நீ தாங்க மாட்ட. என்னச் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, எனக்குப் பழக்கம்தான். உனக்கு எதுனா ஆயிருமோன்னுதான் பயமா இருக்கு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டேன். அவர் எச்சில் கையோடு எழுந்து வந்து, "வேணாம் வள்ளி, வச்சிரு" என்றார். இடது கையால் போனைப் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. அண்ணன் எடுத்ததும், மூடியில் அடைத்திருந்தது அழுக்கு இல்லை, நான் அப்பின சந்தனம் என்று சொன்னேன்.